பஜார் வழியாக வருவோம்

விரலை எடுக்காமல் படிக்க வேண்டிய என் கணவருக்கு,

பக்கத்து வீட்டு யூனிஸ் இதை உங்கள் பாட்டுப் புத்தகத்தின் மேல் விரித்து வைப்பாள். காலால் மிதிப்பதை விடாமல் படியுங்கள். வாசிப்பு ஒரு மூச்சு நின்றாலும் கல்கத்தாக்காரரின் தொடர் வாசிப்புச் சாதனையை முறியடிக்க முடியாது என்றீர்களே.

சபையின் கால் ஆர்மோனியத்தை நீங்கள் திருத்தணி பஜார் கொட்டகைக்குத் தூக்கிப் போனதிலிருந்து உங்கள் நைனா உங்கள் பெயரையே எடுக்கவில்லை. இன்று விடிந்ததும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

"இன்னும் வாசிச்சிகினு இருக்கானா?"

"ஆங், மாமா."

"நிறுத்த வேணாம்னு சொல்லும்மா."

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

தச்சர் யோபு பெட்டிக்கு அளவெடுத்துப் போனார். உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொண்டு இங்கேயே இருக்கிறார். உங்களைக் கூட்டிவரக் கிளம்பியவர்களை நான்தான் தடுத்தேன். திட்டுவதானால் பிறகு திட்டுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் பஜார் வழியாக வருவோம். இப்படிப்பட்ட ஊர்வலம் கடக்கும்போது மேளக்காரர்கள் மரியாதைக்காக வாசிப்பை நிறுத்துவது வழக்கம். நீங்கள் நிறுத்தாதீர்கள். அவருக்குப் பிடித்த கீர்த்தனையை மெதுவாக வாசியுங்கள். தூக்கி வருகிறவர்கள் அதற்குத்தான் அடி வைப்பார்கள்.

இப்படிக்கு,
ஜன்னலை இன்னும் சாத்தாத உங்கள் மனைவி