அந்த மாத்திரையும் ரவாங் ஸ்டேஷனும்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில்தான் சாமியிடம் கேட்டுக்கொண்டேன். நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

இரண்டு வருடமாக எனக்கு ஒரு தொந்தரவு, வெட்கப்பட்டு உன்னிடம் மறைத்தேன். சிறுநீர் வருகிற மாதிரி இருந்தால் ஒரு நிமிடம் தாங்காது, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் சேலை நனைந்துவிடும். உன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நான் போகாததற்குக் கால்வலி காரணமில்லை. கடைசியில் டாக்டரிடம் சொன்னேன். சிறுநீர்ப்பை தேவையில்லாமல் இறுகுகிறது என்று அதை அடக்க மாத்திரை கொடுத்தார். நல்ல குணம் தெரிந்தது. வாய்தான் உலர்ந்துபோனது, மலச்சிக்கல் வேறு, போகட்டும் என்று விட்டேன். அரிப்புக்குப் பல வருடமாகக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை, இரண்டையும் சேர்த்தே போட்டேன்.

பிறகு மறதி ஆரம்பித்தது. அடுப்பில் பால் வைத்தது மறந்தேன், செவ்வாயா வியாழனா என்று தெரியாமல் நின்றேன். போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் போகத் தனியாக ரயில் ஏறியவள், கே.எல். சென்ட்ரலில் இறங்காமல் அதையும் தாண்டி ரவாங்கில் போய் இறங்கியிருக்கிறேன். எந்த ஊர், எதற்கு வந்தேன், ஒன்றும் தெரியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ரிஸ்வானா என்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடணும் ஆன்டி என்று கேட்டாள். என் போனில் உன் படத்தைப் பார்த்து இது யாரு என்றாள். என் மகள் என்றேன். பேர் என்ன என்றாள். கண்ணே, உன் பெயர் எனக்கு வரவில்லை. அவள்தான் என் போனில் நான் கடைசியாகப் பேசியிருந்த நம்பரை அழுத்தி அப்பாவை வரவழைத்தாள்.

அப்பா வீட்டிலிருந்த மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டி டாக்டரிடம் கொண்டுபோனார். இந்த ரெண்டும் சேர்ந்தா வயசானவங்களுக்குப் புத்தி குழம்பும் லா ஆன்டி, ஏன் சொல்லல என்றார் டாக்டர். இரண்டையும் நிறுத்தி ஐந்தாறு நாளில் தெளிந்தேன். ஞாபகப் பரிசோதனையும் சரியாக இருந்தது, மூன்று மாதம் கழித்து மறுபடி செய்வார்களாம். சிறுநீருக்கு வேறு வகை மாத்திரை கொடுத்தார், அதற்குப் பிரஷர் மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும். நான் பயந்து தொடவே இல்லை, பாத்ரூம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இப்படியே அடைஞ்சு கிடக்கப் போறியா வாணி என்று கேட்டுவிட்டு அப்பா சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் புது மாத்திரையை ஆரம்பித்தேன். இன்றோடு பதினைந்து நாள். தினமும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உன் பெயர், உன் பிறந்த நாள், வீட்டு நம்பர் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறேன்.

நேற்று மறுபடி ரயில் ஏறினேன். நான் பெண்கள் பெட்டியில், அப்பா அடுத்த பெட்டியில். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய்ச் சென்ட்ரலில் சரியாக இறங்கிவிட்டேன். அப்பா ஓடிவந்தார், சட்டையெல்லாம் வேர்வை. என்னைவிட அவர் பயந்திருக்கிறார். ஒன்றும் வாங்காமல் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டோம்.

நீ எந்த மாத்திரை போட்டாலும், முன்பு போடுவதையும் டாக்டரிடம் சொல்லு. இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க என் ஆசீர்வாதம். ஒன்று மறந்துவிடாதே. போனில் என் பேச்சு தடுமாறினால் சிரித்து மழுப்பாதே, அப்பாவிடம் ரகசியமாகவும் சொல்லாதே. என்னிடமே சொல்லு.

உன் அம்மா,
வாணி பரமேஸ்வரன்