டிரங்குப் பெட்டிக்குள் ஒரு வயது

4ஆம் தேதி, புதன் காலை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

பின்னறையிலிருந்து பதினேழாவது நாளாக உன் கணவன். கதவைத் தாண்டிக் கத்தினால் எனக்கு இருமல் வருகிறது, உனக்குக் காது கேட்பதில்லை, மாடிவீட்டுக்காரர்தான் பதில் சொல்கிறார். அதனால் இந்தச் சீட்டு.

சுகாதாரத் துறையின் பச்சை நோட்டீஸ், ஊரில் பரவும் காய்ச்சல் அடங்கும்வரை அறுபத்தைந்து தாண்டியவர்கள் அறையை விட்டே வரக்கூடாது, வெளிவேலையை வீட்டில் வயதில் குறைந்தவர் பார்க்கட்டும் என்கிறது. நேற்று நீ தட்டோடு தள்ளிவிட்ட நகராட்சியின் மஞ்சள் நோட்டீஸ், அதே ஆட்கள் சனிக்கிழமைக்குள் வயதுச் சான்றோடு நேரில் வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது. இரண்டு இடத்துக்கும் போன் போட்டேன். இரண்டு பெண்களும் தங்கமாகப் பேசினார்கள். ஒருத்தி வா என்றாள், ஒருத்தி வராதே என்றாள். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவன் நான். ஒரு வண்டிக்கு இரண்டு நேரம் கொடுத்தால் வண்டி நகராது. நானும் நகரப்போவதில்லை.

நல்லவேளை, உனக்கு அறுபத்து மூன்றுதான். மருந்துக்கடைக்குப் போகும்போது பேனா ரீஃபிலும் வாங்கி வா.

உன்னவன்

புதன் மாலை

என்னவருக்கு,

ரீஃபில் தட்டில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவன் தும்மிக்கொண்டே இருந்தான். என் முட்டி வலியை எந்த நோட்டீஸில் போடுவார்களோ.

பச்சையோ மஞ்சளோ, போய் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கதவைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி

5ஆம் தேதி, வியாழன்

எப்படியும் ஒரு நோட்டீஸை மீறித்தான் ஆக வேண்டும். படுத்துக்கொண்டே மீறுகிறேன். வெளியே நீ இருக்கும்போது எனக்கென்ன குறை?

உன்னவன்

6ஆம் தேதி, வெள்ளி காலை

என்னவருக்கு,

காய்கறிக்காரம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். நேற்றுத்தான் என் பையில் தன் கையால் கத்திரிக்காயை அள்ளிப் போட்டாள். பயமாக இருக்கிறது.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எனக்கு அறுபத்தேழு. உங்களைவிட ஒரு வயது மூப்பு. பெண் மூத்தவள் என்றால் உங்கள் அம்மா சம்மதிக்கமாட்டார் என்று என் அண்ணன் நாலு வயதைக் குறைத்துச் சொன்னான். அதுவே எல்லா அட்டையிலும் ஏறிவிட்டது. நாற்பத்திரண்டு வருஷமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று.

செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியாமல் ஊசி போடப் போனேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வயசு பத்தலம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மை வயது இருப்பது என் பள்ளிச் சான்றிதழில் மட்டும்தான். அது உங்கள் கட்டிலடி டிரங்குப் பெட்டியில், என் தையல் வகுப்பு நோட்டுக்குள் இருக்கிறது. கதவடியில் தள்ளிவிடுங்கள். திட்டுவதை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்காரி

வெள்ளி மாலை

அன்புள்ளவளே,

பார்த்தேன். அரை மணி நேரம் கோபம் வந்தது. உன் அண்ணன் சொன்ன பொய்க்கு இல்லை. அந்த மனுஷனுக்கு நான் கடைசிவரை நன்றி சொல்ல வேண்டும். உள்ளே பயந்து படுத்துக் கிடந்தவன் அறுபத்தாறு, எனக்காக வரிசை வரிசையாக நின்றவள் அறுபத்தேழு. பத்தொன்பது நாளாகத் தெரிந்தே நின்றிருக்கிறாய். அதுதான் கோபம். இப்போது வெட்கம் மட்டும் மிச்சம்.

மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்காயும் முன்னே கசக்கும் என்பார்கள். நீ புதன்கிழமையே சொன்னாய். எந்த நோட்டீஸ் சரி என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் பச்சை நோட்டீஸின்படியே பார்த்தாலும் வெளியே போக வேண்டியவன் நான்தான்.

சான்றிதழைக் கதவடியில் தள்ளப்போவதில்லை. என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக் காலை ஏழரைக்குக் கதவைத் திறப்பேன். இரண்டு பேருமே போகிறோம். காய்கறிப் பையைக் கதவருகே வைத்துவிடு. இனி அதை நான் தூக்குகிறேன்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் வயதில் குறைந்தவன்