வெட்டாத படம்

"என்னங்க" என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்காமலே "ம், சொல்லு" என்று காது கொடுப்பவருக்கு,

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவைக்கு நாற்று விட்டாயிற்று, உங்கள் தம்பிதான் பார்த்துக்கொள்கிறார். வருகிற வாரம் உங்களுக்கு முதல் வருஷத் திதி. அதற்குள் கூடத்தில் உங்கள் படத்தைப் பெரிதாக மாட்டிவிட வேண்டும் என்று நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஊரில் எல்லோரையும் படம் எடுத்தீர்கள். உங்களை எடுத்தவர் யார்? ஆதார் அட்டையில் இருக்கும் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நீங்கள் நீங்களாகச் சிரிப்பது ஒரே படத்தில்தான். சம்பா அறுப்பன்று நம் மகள் அபி உங்கள் கேமராவைப் பிடுங்கி எடுத்தாளே, அது. வாட்ஸாப்பில்கூட வைத்திருந்தீர்களே, அதேதான்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். படங்கள் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன, தபால்தலை அளவுக்கு. பெரிதாக்கலாம் என்று தொட்டால் முகம் கலங்கிப் போய், மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று வந்தது. உங்கள் படம் மட்டுமா? நீங்கள் எடுத்த அத்தனை படங்களின் மூலையிலும் ஓர் ஆச்சரியக்குறி. சரி, இருப்பதையாவது கொடுப்போம் என்று அந்தச் சின்னப் படத்தையே பென் டிரைவில் போட்டுக்கொண்டு பாபநாசம் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"அக்கா, இதைப் பெரிசாக்கினா சார் முகம் கட்டம் கட்டமாப் போயிடும். ஒரிஜினல் கொண்டாங்க" என்றார் ஸ்டுடியோக்காரர்.

ஒரிஜினலுக்கு நான் எங்கே போவேன்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். அபி விஷயத்தைக் கேட்டதும், "அம்மா, நீ எதையாவது அழிச்சியா?" என்றாள்.

"போடி! கடுகு டப்பாவைக்கூட இடம் மாத்தி வைக்காதவ நான். நான் அழிப்பேனா?"

"கோவிச்சுக்காதம்மா. அங்க தெரியறது அடையாளத்துக்கு இருக்கிற குட்டிப் படம். நிஜப் படத்தை அப்பா வேற எங்கயோ மாத்தி வச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் பழைய அட்ரஸ்லயே போய்த் தேடிட்டு, இல்லைன்னு சொல்லுது. நீ எதையும் டெலீட் பண்ணிடாத. நான் வந்து பாக்கறேன்."

"நீ வர்றதே திதிக்கு முதல் நாள். அப்புறம் எப்ப பிரிண்ட் போடுறது?"

அம்பாளை வேண்டிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். வரவும் செலவும் நேராகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, தெரியுமே உங்களுக்கு. கணக்கில் விட்டுப்போனதைத் தேடுகிற மாதிரியேதான் தேடினேன். கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் சில நாள், உடம்பு முடியாமலும் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்தீர்கள். "உன் கணக்கைத் திறக்கவே எவ்வளவு நேரமாகுது பாரு. எல்லாம் என் படம் அடைச்சிக்கிட்டிருக்கு" என்றீர்கள். சட்டென்று எழுந்து போய் உங்கள் கேமராப் பையைக் கவிழ்த்தேன். ஹார்ட் டிஸ்க் விழுந்தது.

சொருகிப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். அதற்கு நீங்கள் வைத்திருந்த பெயர், "உ".

நான் கணக்கின் தலையில் பிள்ளையார் சுழி போடும்போதெல்லாம், "மளிகைச் சாமானுக்கும் பிள்ளையாரா? அவருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேலி செய்தவர் நீங்கள். அது எனக்காகப் போட்டதா, உங்களுக்காகப் போட்டதா? கேட்க முடியாமல் போயிற்றே.

டிஸ்க் சொருகியும் ஆச்சரியக்குறி போகவில்லை. பழைய பாதையில் இந்த "உ" பிள்ளையார் கிடையாது அல்லவா? நடுவில் அவர் வந்து உட்கார்ந்ததில் கம்ப்யூட்டருக்கு வழி தெரியவில்லை. ஒரு படத்துக்கு மட்டும் புது இடத்தைக் காட்டிக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. ஆச்சரியக்குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைவதைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே பார்த்திருந்தேன்.

பிறகு அந்த ஃபோல்டருக்குள் போய் உங்கள் மூலப் படத்தைத் திறந்தேன். நான் பார்த்துப் பழகிய படத்தைவிட அது அகலமாக இருந்தது. வாட்ஸாப்புக்காக நீங்கள் ஓரத்தை வெட்டியிருக்கிறீர்கள். மூலத்தில் வெட்டு விழவில்லை. வரப்பு, அறுத்த தாள், உங்கள் சிரிப்பு. உங்கள் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுக்கிற ஒரு கை. கண்ணாடி வளையல் போட்ட என் கை.

நான் அங்கே நின்றதையே மறந்திருந்தேன். எதற்கு அப்படிச் சிரித்தீர்கள்? நான் என்ன சொன்னேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

மறுபடியும் ஸ்டுடியோவுக்குப் போனேன். "இப்ப அருமையா இருக்குக்கா. இந்தக் கையை மட்டும் வெட்டிடறேன்" என்றார்.

"ஏங்க?"

"மாலை போடப்போற படமாச்சே. உயிரோட இருக்கறவங்க இருந்தா போடக்கூடாதில்ல? கையானாலும் நீங்கதானே."

வலங்கைமானிலிருந்து உங்கள் தங்கையும் போனில் அதையேதான் சொன்னாள். "அண்ணி, அபசகுனம் அண்ணி. வெட்டச் சொல்லுங்க."

பெரியவர்கள் வைத்த முறையை நான் மீறியதில்லை. இதிலும் மீறவில்லை. "வெட்டாமலே போட்டுத் தாங்க. இந்தப் படத்துக்கு மாலை கிடையாது" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

கூடத்தில் மாட்டியாயிற்று. திதியன்று பூவை விளக்குக்கு வைத்துக்கொள்கிறேன். யார் வந்து என்ன சொன்னாலும் இந்தப் படத்தில் மாலை ஏறாது, இது சத்தியம். நானும் அங்கே வந்து சேர்ந்த பிறகு, அபி நம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரே மாலையாகப் போடட்டும். அதுவரை உங்கள் தோளைவிட்டுக் கையை எடுக்கமாட்டேன்.

என்றும் உங்கள்,
அபி அம்மா