பல் படாத மாத்திரை

நலம் சூழ்க. மழை பொய்யாத மருதக்கரை நாட்டுக்கும், அதன் ஆற்றையும் அணையையும் அறத்தையும் ஒருங்கே காத்து நிற்கும் கடம்பவேள் மன்னர் பெருமானுக்கும் வெண்கோட்டு மலைநாடு கைகூப்பி வாழ்த்துரைக்கின்றது. வெண்கோட்டு அரசி ஆதிரை மாதேவியார் பணித்தருள, ஓலைநாயகம் அரிகண்டன் எழுதும் நன்றியோலை இது. நம் அவையின் அசட்டுத்தனத்தையும் விடாமல் எழுதுக என்பது தேவியாரின் கட்டளையாதலால், அவையோர் முகம் கோணினாலும் உள்ளபடியே எழுதலாயிற்று.

எங்கள் மன்னர் நன்னாடவேள் குடல்நோயால் உருகி, கஞ்சியும் தங்காமல் கிடந்தபோது, தாங்கள் தங்கள் அரண்மனை மருத்துவி காரிநங்கையாரை மருந்துச் சிமிழோடு அனுப்பிவைத்தீர்கள். அவர் தந்த மாத்திரைகள் அரக்குப் பூசப்பெற்றுக் குன்றிமணிபோல் பளபளத்தன. முழுதாக விழுங்க வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியது அந்தப்புர வாசலோடு நின்றுபோயிற்று. மன்னர் உண்ணும் எதையும் சுவைகாண் ஊழியர் சாத்தனார் முதலில் பாதி கடித்துத் தின்று, தீங்கில்லை என்று கண்ட பின்னரே மறுபாதியை மன்னருக்குத் தருவது இந்நாட்டு வழக்கம். பலாச்சுளைக்கு உள்ளதுதானே மருந்துக்கும் என்று இருந்துவிட்டார்கள்.

அரை மாத்திரை உள்ளே போனதும், நோயால் நொந்திருந்த மன்னர் வயிறு எரிகிறதென்று துடித்தார். சற்று நேரத்தில் சாத்தனாரும், பாவம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று படைத்தலைவர் ஏனாதி கூத்தனார் கொதித்தெழுந்தார். நஞ்சு வைத்தவளின் தலையும் வேண்டும், அனுப்பியவரின் எல்லையும் வேண்டும் என்று கூறி, யானைகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்க்கவே சொல்லிவிட்டார். மருத்துவியார் காவலில் வைக்கப்பட்டார்.

முடிவு தேவியாரின் கையில் இருந்தது. ஒரு பக்கம் உயிருக்குப் போராடும் கணவர். மறுபக்கம் நம்பி வந்த விருந்தாளியின் தலை. கேளாமல் தண்டிப்பது முறையன்று என்று கூறி, காரிநங்கையாரை அவைக்கு அழைத்தார். அவரோ அழவுமில்லை, வாதாடவுமில்லை. மிச்ச மருந்தைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார். அவ்வேளைக்குரிய இரண்டில் மன்னர் உண்ணாமல் விட்ட அரை மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதன் ஓரத்தில் பல்லின் தடம் தெளிவாக இருந்தது.

இதைக் கடித்தது யார் என்று கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் மருத்துவியார். பின்னர் பொறுமையாக எடுத்துரைத்தார்: அரக்கு அழகுக்காகப் பூசியதன்று, கசப்பை நாவுக்குத் தெரியாமல் மறைப்பதும், ஈரக்காற்றில் மருந்து கெடாமல் காப்பதும் அதன் சிறிய வேலைகள், இரைப்பையின் புளிப்பில் கரையாமல் மருந்தைக் குடல்வரை கொண்டுசேர்ப்பதே பெரிய வேலை, மேற்பூச்சு உடைந்தால் கார மருந்து வழியிலேயே திறந்துகொண்டு இரைப்பையைச் சுடும், நோயுள்ள குடலுக்கோ ஒன்றும் போய்ச்சேராது என்றார்.

நாவன்மை உள்ளவர் எதையும் சொல்லலாம் என்றார் கூத்தனார். தேவியார் சிமிழைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க, முழுதாக விழுங்கித் தண்ணீர் குடித்தார். அவை திகைத்தது. பொழுது சாயும்வரை ஒருவரும் இருக்கையை விட்டு எழவில்லை. தேவியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். பசிக்கிறது, புளிச்சோறு கொண்டுவாருங்கள் என்று அவர் கேட்டபோதுதான் சாத்தனாருக்கு மூச்சு வந்தது.

இரைப்பையின் புண் ஆற மருத்துவியார் நெய்யும் பாலும் கொடுத்த பின், அடுத்த மாத்திரையைத் தேவியார் தம் கையாலேயே மன்னருக்கு ஊட்டினார். தமக்கு எடுத்தபோது ஒரு நொடியும் தயங்காதவர், மன்னருக்கு ஊட்டுமுன் அதை விளக்கருகே திருப்பித் திருப்பிப் பார்த்ததை அருகில் நின்ற அடியேன் கண்டேன். மன்னரை மருந்து சுடவில்லை. நாளடைவில் கஞ்சி தங்கியது; பிறகு சோறு தங்கியது; இப்போது குழம்பில் உப்பில்லை என்று சினங்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார். அந்தச் சினத்தைக் கேட்டுத் தேவியார் ஆனந்தக் கண்ணீர் விட்டார். கூத்தனார் மருத்துவியாரிடம் மன்னிப்பு வேண்டினார். படையெடுப்புக்கென்று அவிழ்த்த பட்டத்து யானையின் மேலேயே அவரைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துவரும் பணியையும் தாமே கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

இனி இந்நாட்டில் மருந்தைச் சோதிப்போர் அதே சிமிழிலிருந்து தாமே ஒன்றைத் தேர்ந்து முழுதாக விழுங்குக. மன்னருக்குரியதில் எவர் பல்லும் படலாகாது. இது தேவியாரின் ஆணை.

கடம்பவேள் பெருமானே, எங்கள் அரசியின் தாலியைக் காத்துத் தந்தீர்கள். இந்த நன்றி எங்கள் குடி உள்ளவரை இருக்கும். மருத்துவியார் இங்கு மேலும் மாத்திரைகள் செய்தபோது மிஞ்சிய அரக்கையே உருக்கி இவ்வோலைக்கு முத்திரை இட்டிருக்கிறோம். அது தங்கள் கையில்தான் உடைய வேண்டும். முத்திரை ஒருபுறம் சாய்ந்திருப்பது கண்டு ஐயுற வேண்டா. பிறர் துணையை மறுத்து, எழுந்து உட்கார்ந்து, எங்கள் மன்னர் தம் கையாலேயே பதித்தது அது.