இடைவேளைக்குப் பிறகு வேறு குரல்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் வாலுவும் சுகம். கரையே தெரியாத இடத்தில் இருக்கும் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, இன்ஜின் அறைச் சூட்டில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதீர்கள். போனில் தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் முதல் வரியைப் பார்த்ததுமே "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள். மீதியைப் படிக்க மாட்டீர்கள். அதனால்தான் உங்கள் கப்பலில் ஏறப்போகும் சமையல்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

கொஞ்ச நாளாக நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நம் மகள் வாலுதான் பேசுகிறாள். "அம்மா குளிக்கிறா", "அம்மா கடைக்குப் போயிருக்கா", "அம்மாவுக்குச் சளி" என்றெல்லாம் நான் எழுதிக் காட்டியதைத்தான் சொன்னாள். போன தடவை நீங்கள், "உங்கம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பா" என்று கேட்டீர்களாம். அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. வரவில்லை என்பதைவிட, பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எப்படி ஆனது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நம் டப்பிங் ஸ்டூடியோவுக்கு எதிரே அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா, அதை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டு, அந்த இடத்தைக் கடைகள் கட்டக் கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. நர்சுகள் தெருவில் உட்கார்ந்தார்கள். அப்புறம் வயிற்றுப் பிள்ளைக்காரிகளும், கைக்குழந்தைக்காரிகளும், ஆட்டோ ஓட்டுகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். "ரோட்டை மறிச்சு என்னத்தைக் கிழிச்சிடப் போறாங்க" என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். தினமும் காலையில் அவர்களைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவேன். மெத்தை வைத்த கதவைச் சாத்தினால் வெளி உலகமே இல்லாதது போல் ஆகிவிடும். நீலமாக ஒரு திரை, அதில் ஒரு பெண்ணின் உதடுகள், என் காதில் என் மூச்சு. அவ்வளவுதான்.

இப்போது ஓடுகிறதே, அந்தப் பெரிய ஹீரோவின் படம், அதில் கதாநாயகிக்கு நான்தான் குரல். அந்தப் பெண்ணுக்கு நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. முதல் படத்திலிருந்தே அவளுக்கு நான்தான் பேசுகிறேன். இடைவேளை வரை பேசி முடித்தாயிற்று. பிற்பாதி ஆரம்பித்த அன்று, கதவையும் மீறிக் கோஷம் உள்ளே கசிய ஆரம்பித்தது. அவள் காதலைச் சொல்கிற இடத்தில், அடியில் எங்கேயோ, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல, "மாற்றாதே, மாற்றாதே" என்று ஒரு ஓசை. நம் ஆமை ஹெட்போனைக் கழற்றி வைத்தார். நிதானத்துக்காகவே நாங்கள் அந்தப் பெயர் வைத்த சவுண்ட் இன்ஜினியர் அவர். அவரே பெருமூச்சு விட்டார். "அக்கா, நீங்களே போய்ச் சொல்லுங்க. உங்க கொரல்ல கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க" என்றார்.

இறங்கிப் போனேன். நடுப்பகல். மேகத்துக்குப் பின்னால் வெயில் பாலில் கரைத்தது போல் இருந்தது. இருட்டு அறையிலிருந்து வந்த கண்ணுக்கு அத்தனை முகங்களும் லேசாக மிதந்தன. முன்னால் நின்று, "ஒரு அரை மணி நேரம் கொஞ்சம் அமைதியா இருக்க முடியுமாங்க" என்று கேட்டேன்.

சட்டென்று அமைதியாகிவிட்டார்கள். நான் கேட்டதற்காக இல்லை. முன்வரிசையில் நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை பேசுங்க" என்றாள். பேசினேன். "மழையில நின்னு அழுவாளே, அந்தப் பொண்ணு இவங்கதான்" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "மூஞ்சி வேற மாதிரில்ல இருக்கு" என்றாள். கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முகம் அந்த நடிகையுடையது, குரல் என்னுடையது என்று விளக்கிச் சொன்னேன்.

அப்போது ஒரு நர்ஸ் எழுந்து வந்தார். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எத்தனை அம்மாக்களைப் பார்த்திருப்பார். காலையில்தான் போலீஸ்காரர்கள் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். "கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சும்மா. பின்னாடி இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. நான் சொல்லச் சொல்ல நீ சொல்றியா" என்று கேட்டார். காற்று மட்டும்தான் வந்தது அவர் வாயிலிருந்து.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. அவர் காதோரம் கிசுகிசுக்க, நான் அதை எடுத்துக் கடைசி வரிசைக்கு எறிந்தேன். மைக் இல்லாமல் பேசிப் பழக்கமில்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்தேன். மாடி ஜன்னலில் ஆமை வந்து நின்று பார்த்தார். கீழே வரச் சொல்லிக் கையசைத்தேன், மெதுவாக வந்தார். வெயில் சாயும் வரை இப்படியே போனது. நான் எங்கே நிற்கிறேன், என்ன பேசுகிறேன் என்பதெல்லாம் நழுவிப்போய், தூக்கத்தில் நடப்பது போல் ஒரு சுகம்.

கடைசியில் அந்த நர்ஸ், "நான் சொன்னதெல்லாம் ஆச்சு. ஒனக்குன்னு ஏதாச்சும் சொல்லேன்" என்றார்.

எதிரே திரை இல்லை, சேர்ந்து அசைய உதடுகள் இல்லை. இத்தனை வருஷத்தில் பேசாத வசனமில்லை. என் வசனம் என்று ஒன்றுமில்லை. அப்புறம் தானாக வந்தது. என் பெண் ஏழாம் மாதத்திலேயே இந்தக் கட்டிடத்தில்தான் பிறந்தாள். ஒரு மத்தியானம் அவளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி சூடாகாமல் நின்றுபோனது. உடம்பு நீலம் பாரித்துவிட்டது. கொண்டையில் பேனா செருகிய ஒரு நர்ஸ் அவளைத் தூக்கித் தன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வேறு பெட்டி வரும் வரை, அந்த நீளமான வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். இதை உங்களிடம் நான் சொன்னதில்லை. நடுக்கடலில் இருப்பவரிடம் சொல்லி, நீங்கள் அங்கே என்ன செய்திருப்பீர்கள்? முதல் தடவையாக அதை முன்பின் தெரியாத அத்தனை பேரிடம் சொன்னேன். ஊருக்கு வெளியே இந்த ஆஸ்பத்திரி இருந்திருந்தால் நான் ஆட்டோவிலேயே பெற்றிருப்பேன் என்று சொல்ல வந்தபோது குரல் உடைந்தது. எல்லோரும் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள். அழவில்லை. உள்ளே ஏதோ பிய்ந்தது. வாயில் இரும்பு ருசி.

என்னத்தைக் கிழித்தார்கள் என்று நீங்கள் கேட்டால், என் குரலைத்தான் கிழித்தேன் என்று சொல்ல வேண்டும். சிரிக்கத்தான் எழுதினேன், சிரியுங்கள்.

மறுநாள் காலை வாலுவை எழுப்ப வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அதே சமயம், நான் பேசியதை யாரோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டிருந்தார்கள். கதாநாயகியின் குரல் தெருவில் கோஷம் போடுகிறது என்று தயாரிப்பாளரின் ஆள் ஸ்டூடியோவுக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார். அரசியலில் அவள் முகமும் மாட்டிக்கொள்ளுமாம். எனக்குப் பேச வந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிற்பாதியை வேறொரு பெண்ணை வைத்து முடித்துவிட்டார்கள். ஆமை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுதிக் காட்டினேன்: "அந்தப் பொண்ணு நல்லாப் பண்ணுச்சா?" அவர், "மூச்சு எடுக்கிற எடந்தான் வேற, அக்கா" என்றார்.

போன ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு வாலுவைக் கூட்டிக்கொண்டு அந்தப் படத்துக்குப் போனேன். உங்களுக்குப் பிடிக்கும், ஆறு சண்டை. எனக்கு, நடுவில் வருகிற போராட்டக் காட்சிதான் தாங்கவில்லை. அத்தனை பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறார்கள். அட்டைகளெல்லாம் ஒரே கையெழுத்து. ஹீரோ ஒரே ஒரு பேச்சுப் பேசுகிறார், போலீஸ் அதிகாரி தொப்பியைக் கழற்றுகிறார், முடிந்தது. நிஜத்தில் அது அப்படி இல்லையே. குடை யாருடையது என்று சண்டை வரும். யார் குழந்தைக்காவது ஒன்றுக்கு வரும். நல்ல வாசகம் யோசித்தவர் வராத நாளில் எல்லோரும் பழையதையே சொல்வோம். முக்கால்வாசி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். அந்தச் சும்மா இருப்பதை ஒருத்தரும் படமாக எடுக்கவில்லை.

இடைவேளை வரை நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். செத்துப்போன யாரோ பேசுவதைக் கேட்பது போலவும், கனவில் நானே எனக்குத் தாலாட்டுப் பாடுவது போலவும் இருந்தது. விளக்கு அணைந்து மறுபடி படம் ஆரம்பித்தது. அதே முகம், அதே உதடு, வேறு குரல். அரங்கம் நிறைந்த கூட்டத்தில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாலு மட்டும் என் கையைப் பிடித்து, "அம்மா, இது நீ இல்ல" என்றாள். இருட்டில் நான் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் அவள் திரையையே பார்க்கவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டில் இப்போது எனக்கு டப்பிங் அவள்தான். கடையில் நான் கையைக் காட்டினால் இவள் பேசுகிறாள். நான் சோப்பு என்று காட்டினால், "சோப்பும் ஒரு சாக்லேட்டும் கேக்கறாங்க அம்மா" என்கிறாள். திட்டவும் முடியவில்லை.

ஸ்டூடியோ வேலை இல்லாததால் மத்தியானங்களில் அந்த நர்சின் பக்கத்தில் போய் உட்காருகிறேன். இவள்தான் அந்தக் குழந்தை என்று வாலுவை ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அவள் முதுகைத் தடவிவிட்டு, "கனம் ஏறிட்டா" என்றார். புதன்கிழமை அறிவிப்பு வந்தது. பிரசவ வார்டு இங்கேயே இருக்குமாம். மற்றதைப் பற்றி அப்புறம் சொல்வார்களாம். எல்லோரும் சத்தம் போட்டார்கள். நான் கை வலிக்கத் தட்டினேன்.

டாக்டர் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ரத்தம் கட்டி, பக்கத்திலேயே ஒரு சின்னத் தடிப்பும் இருக்கிறதாம். இன்னும் கொஞ்ச நாள் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த மாதம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. "பேச்சு வந்துடும்மா. அந்தக் கொரல் வருமான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது" என்றார். நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை.

பகலில் கண் அயர்ந்தால் ஒரு கனவு வருகிறது. நான் குரல் கொடுத்த பெண்கள் எல்லோரும் நம் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி புத்தம் புதுப் புடவையில், ஒருத்தி விதவை வேஷத்தில், ஒருத்தி இறக்கிற காட்சியின் ரத்தத்தோடு. எல்லோர் உதடும் அசைகிறது, சத்தமில்லை. நான் அவர்களுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கிறேன். பயமாக இல்லை. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருக்கிறது.

நீங்கள் விடுப்பு கேட்டு அலைய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடல் உங்களை அலுங்காமல் வைத்திருக்கட்டும். வருகிற நாளில் வாருங்கள். அதற்குள் நான் பேச ஆரம்பித்திருந்தால், நீங்கள் வாசலில் பெட்டியை இறக்கும்போது உள்ளேயிருந்து யாரோ ஒருத்தி கூப்பிடுவது போல் இருக்கலாம். தெரியாத குரலாக இருந்தாலும் திரும்பிப் பாருங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி