தாசில்தாருக்கு எண்ணெய் ஆகாது

உன் கண்ணாடிப் பெட்டியின் மேல் கிடக்கும் ஈரச் சாக்கை இன்று காலை விலக்கியதும் அந்த வாடை வந்தது. ஈர மணல், ஊறிய தேங்காய் நார், நேற்றுப் போட்ட வாழைப்பழத் தோல், இவற்றுக்கெல்லாம் அடியில் லேசாகக் கொஞ்சம் கடல்.

"யாருடி காலங்காத்தால கருவாடு சுடறது?" என்று அடுப்படியிலிருந்து எங்கம்மா கத்தினாள்.

"கருவாடு இல்லம்மா. தாசில்தார் எழுந்துட்டாரு."

"அந்தாளு இந்த வூட்ட வுட்டு எப்பதான் டிரான்ஸ்பர் ஆவாரு?"

எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இனி நீ கேட்க வேண்டியதில்லை. கேட்பதற்கு நீயும் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, அதை உன்னைத் தவிர யாரிடமும் கொட்ட முடியாது. அதனால்தான் படிக்க ஆளில்லாத இந்தக் கடிதம்.

உன் முப்பதாம் நாள் பூசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பூசை முடிந்து, உங்கள் வீட்டு முன்னால் போட்ட பந்தலில் ஒவ்வொருவராக எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. அமைதியான பிள்ளையாம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதாம். பொய் என்றால் என்னவென்றே தெரியாதாம். நெஞ்சில் வால்வு சரியில்லை என்று டாக்டர் சொன்னதும், வாயிலும் பூட்டுத் தொங்கியிருக்கும் என்று இவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் பொய்க்கு ஒரு பரிசு வைத்திருந்தால் முதல் பரிசு உனக்கு. எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்திருந்தாலே பெரிது.

வேளாங்கண்ணிக்கு உன்னை எதற்குக் கூட்டிப் போனார்கள்? உன் நெஞ்சு நலமாக வேண்டும் என்று வெள்ளித் தகட்டில் செய்த இருதயம் ஒன்றைக் காணிக்கை வைக்க. உங்கம்மா சுடு மணலில் முழங்காலிலேயே கோயிலுக்குப் போனார்கள். அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய்? சங்கு விற்கிற கடைகளைத் தாண்டி, புதருக்கடியில் சங்கைச் சுமந்துகொண்டு ஊர்ந்த மூன்று நண்டுகளைப் பொறுக்கி, டிபன் கேரியரின் கீழடுக்கில் போட்டு மூடினாய். அரூர் வரைக்கும் கேரியரை மடியிலேயே வைத்திருந்தாய். பக்கத்து சீட்டில் உன் சின்னம்மா.

"என்னாடி, கேரியர்ல கொறகொறங்குது?"

"மூடி லூசு, சின்னம்மா."

இதை எனக்குச் சொன்னபோது, "மூடி மட்டுமா லூசு?" என்று நான் கேட்டேன். மூச்சு வாங்கும் வரைக்கும் சிரித்தாய். உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு உடனே பயப்படுவது எனக்குப் பழக்கமாகியிருந்த காலம் அது.

அந்த மூன்றும் கடலில் நீந்துகிற சாதி இல்லை, கரையில் காலிச் சங்குக்குள் குடியேறி வாழ்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கிச் சாகும், காய்ந்த தரையில் விட்டால் மூச்சு முட்டிச் சாகும். சாவதற்கு அதற்கு வழிகள் ஏராளம், பிழைக்க ஒரே வழி: ஈரக் காற்று. வெயிலில் அப்பளம் போட்டால் தானே பொரியும் எங்கள் அரூரில் ஈரக் காற்றுக்கு எங்கே போவது? டீக்கடையில் பன் வைக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்று ஒரு பக்கம் விரிசல் விட்டு வெளியே கிடந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். சன்னலுக்குக் கண்ணாடி பதிக்கிறவர் பூசுகிற மக்குப் பசையை விரிசலில் அப்பினோம். ஆற்று மணலை ஏழெட்டுத் தண்ணீரில் அலசி ஒரு சாணுக்கு மேல் நிரப்பினோம். அப்போது நீ போட்ட சட்டம்: "புட்டு மாவுப் பதம் இருக்கணும்டி. புடிச்சா புடி நிக்கணும், உதுத்தா உதிரணும்." புட்டு அவிக்கத் தெரியாத எனக்கு மணலில் அந்தப் பதம் கைவந்தது. ஒளிந்துகொள்ளக் கொட்டாங்குச்சி, ஏறி விளையாட ஒரு வேப்பங்குச்சி, மேலே தினமும் இரண்டு வேளை நனைக்கிற சாக்கு. பெட்டி ஆயிற்று.

பெயர்களும் வைத்தோம். பகலெல்லாம் உள்ளே முடங்கிக் கிடந்து, யார் போய்த் தட்டினாலும் கதவைச் சாத்திக்கொள்ளும் பெரியது தாசில்தார். குச்சியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருப்பது கண்டக்டர். தொட்டால் கிரிச்சென்று முணுமுணுக்கும் சின்னது மாமியார். உங்கள் தெருவில் யார் வீட்டிலும் டி.வி. இல்லாததால் விளக்கு வைக்கும் நேரத்தில் மூவரின் நடமாட்டத்தைப் பார்க்க ஒரு கூட்டமே வந்தது.

தண்ணீர்க் கிண்ணம் இரண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர், பிளீச்சிங் பவுடர் வாடை இல்லாத கிணற்றுத் தண்ணீர். மற்றதில் உப்புத் தண்ணீர். உப்பு எவ்வளவு என்று யாரைக் கேட்பது? நான் கடலைப் பார்த்ததே இல்லை. நீ குளிக்கும்போது ஓர் அலை உன் வாய்க்குள் புகுந்துவிட்டுப் போயிருந்தது, நம் இருவருக்கும் இருந்த கடல் அவ்வளவுதான். கல் உப்பைப் போட்டுக் கலக்கி, நக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்", மறுபடி நக்கி, "போதும்" என்றாய். பிறகு கிண்ணத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாய். "நாக்க நீட்டு. இதான் கடலு." துப்பினேன். "துப்புனா துப்பு, ஆனா மறக்காத" என்றாய். இன்றைக்கும் ஸ்பூன் இல்லாமல் நாக்கால்தான் கலக்குகிறேன். சரியாக வருகிறது.

அந்தக் கிண்ணங்களில் இறங்கி நனைந்து, சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டுதான் அவை உயிர் வாழ்கின்றன. அந்த ஈரத்தில்தான் செவுள் மூச்சு இழுக்கிறது. இதையும் நீதான் கட்டிலில் குப்புறப் படுத்துப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தாய். நமக்கு மூச்சு எப்படி வருகிறது என்று நாம் யாரும் கவனிப்பதில்லை, நீ கவனிக்க வேண்டியிருந்தது. அதனால் உனக்கு அது சீக்கிரம் புரிந்தது போல.

சரி, பந்தலுக்கு வருகிறேன். நம் தலைமையாசிரியை எழுந்தார். "ஒரு நாள் என் அறையிலேயே மயங்கி விழுந்தாள். என் மடியில்தான் தாங்கினேன். கண் திறந்ததும், 'உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன் டீச்சர்'னா. அந்தக் குழந்தை மனசு..." என்று சொல்லி மேலே பேச முடியாமல் அழுதார். பந்தலே அழுதது. நான் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

தாசில்தாருக்கு உடம்பு வளர்ந்து சங்கு பத்தாமல் போனதும், அரூரில் காலிச் சங்குக்கு எங்கே போவோம் என்று நாம் ஏரிக்கரையில் நத்தைக் கூடெல்லாம் பொறுக்கினோம். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊரிலேயே சரியான சங்கு தலைமையாசிரியை மேசையில் காகிதம் பறக்காமல் உட்கார்ந்திருந்தது. எலுமிச்சை அளவு, மேலே சிவப்புப் பெயின்டில் 'வேளாங்கண்ணி' என்று எழுதியது. நீ நெஞ்சைப் பிடித்தாய், விழுந்தாய். அவர் உன்னைத் தாங்க ஓடினார். நான் சங்கை எடுத்துவிட்டு அதே அளவுக்கு ஒரு கூழாங்கல்லை வைத்தேன். வெளியே வந்ததும், "நடிப்பு எப்படி?" என்று கேட்டாய். "அடுத்த தடவ இவ்ளோ நல்லா நடிக்காத" என்றேன். அன்று மாலையே தாசில்தார் பட்டா மாறுதல் செய்துகொண்டார். பஸ்ஸுக்குப் போர்டு வைத்தது போல முதுகில் வேளாங்கண்ணியைச் சுமந்துகொண்டு பெட்டிக்குள் ஓடினார். அந்த அம்மாள் அழுதது உண்மை. ஆனால் அழுததெல்லாம் அவரே மனசுக்குள் செய்துகொண்ட வேறொரு பெண்ணுக்காக.

இதையாவது பொறுத்திருப்பேன். பந்தல் கலைந்ததும் சாப்பிட உள்ளே போனோம். நீ போன பிறகு உங்கள் வீட்டுக்குள் நான் அன்றுதான் கால் வைத்தேன். அதற்கு முன்னால் பல நாள் வாசல் வரைக்கும் வந்து, உன் செருப்பு அங்கேயே கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். உள்ளே உன் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் உன் பெட்டி. உன் சின்னம்மா கைகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு இருந்துச்சுங்க. அவ போன பத்து நாள்ல ஒன்னு போச்சு. முந்தாநேத்து இன்னொன்னு. இதும் சோறு தண்ணி எடுக்க மாட்டேங்குது."

"வாயில்லா ஜீவனுக்கு இருக்கற பாசத்தப் பாருங்க."

"அவள நெனச்சே துக்கத்துல சாவுதுங்க."

ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். ஒரு பெண் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் முண்டியடித்து முன்னால் போனேன். கண்டக்டர் இல்லை. மாமியார் இல்லை. தாசில்தார் சங்கிலிருந்து பாதி வெளியே தொங்கிக் கிடந்தார், காலெல்லாம் துவண்டு. தண்ணீர்க் கிண்ணத்தில் வானவில் மாதிரி ஏதோ மினுக்கியது. விரலை விட்டேன். வழவழப்பு. மோந்து பார்த்தேன். உன் நெஞ்சில் எப்போதும் வருமே, அதே வாடை. உங்கம்மா தினமும் உனக்குத் தடவிவிட்ட மாதா கோயில் எண்ணெய்.

எனக்குப் பின்னால் உங்கம்மா குரல் கேட்டது. "நான்தான் கண்ணு, தெனமும் ரெண்டு சொட்டு வுடறேன். அவ வளத்ததுங்க. நல்லா இருக்கட்டும்னு."

நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினால் அந்த ஒன்றும் செத்துவிடும். செத்தால் அதையும் பாசம் என்பார்கள், உன்னைப் போலவே அதற்கும் ஒரு பொய்க் கதை கட்டிப் பந்தல் போடுவார்கள்.

"துக்கமும் இல்ல ஒன்னும் இல்ல!" என்று கத்திவிட்டேன். "எண்ணெய்! எண்ணெய் போயி செவுள அடைச்சிருக்குது. மூச்சு வுட முடியாம சாவுதுங்க. இத்தன பேரு சுத்தி நின்னு அத வேடிக்க பாக்கறீங்க!"

"ஏய், எந்த வூட்டுல எப்படிப் பேசற?" என்று உன் சின்னம்மா என் தோளைப் பிடித்தார்கள். "புனித எண்ணெய்டி அது."

"புனிதமா இருந்தாலும் எண்ணெய் எண்ணெய்தானுங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பெற்றவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, காலைத்தான் பார்த்தேன். முழங்காலில் மணல் தேய்த்த வடு புடவைக்குள்ளே இருக்கும் என்று அந்த நேரத்தில் போய் ஒரு நினைப்பு.

உங்கம்மா மெல்லச் சொன்னார்கள்: "அவளும் சொன்னா. எண்ணெ வாட மூச்ச அடைக்குதும்மா, வேணாம்மான்னு. நான்தான் கேக்கல."

"ஐயோ, அவளுக்கு எண்ணெய்னால இல்லம்மா. வால்வுதானே. எண்ணெய் இதுங்களுக்கு மட்டும்தான் ஆவாது."

உங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டு கிண்ணங்களையும் எடுத்தார்கள். கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள், கழுவினார்கள், மோந்து பார்த்தார்கள், மறுபடி தேய்த்தார்கள். நான் புதுத் தண்ணீர் மொண்டு தாசில்தாரை அதில் முக்கி முக்கி எடுத்தேன். எண்ணெய் பட்ட மணலை வழித்துக் கொட்டினேன். யாரும் உதவிக்கு வரவில்லை. பாசம் என்று உச்சுக் கொட்டியவர்கள் எல்லாரும் இலைக்குத் திரும்பியிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அவர் ஒரே ஒரு காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பொழச்சிருமா?" என்று உங்கம்மா கேட்டார்கள்.

"தெரியலம்மா."

"எடுத்துட்டுப் போயிரு கண்ணு. பெட்டியோட எடுத்துட்டுப் போ. இங்க இருந்தா நான் மறுபடி ஊத்திருவேன்."

அப்படித்தான் உன் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். சாக்கு நனைக்கிறேன், பதம் பார்க்கிறேன், தேங்காய்த் துண்டு போடுகிறேன். ஆளுக்குக் கொழுப்பு ஏறி, இப்போது எங்கம்மாவைக் கண்டால் மட்டும் கதவைச் சாத்துகிறார். உன் மேல் இருக்கிற கோபம்தான் அப்படியே இருக்கிறது. கீழடுக்கில் வைத்து மூன்று உயிரைக் கடத்தி வரத் தெரிந்தவளுக்கு, போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தெரியவில்லையா? மறுநாள் நனைக்க வேண்டிய சாக்கைப் பற்றித்தானே கடைசியாகப் பேசினாய்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்கம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். போன வாரம் அந்தக் கை மெல்லப் பைக்குள் போயிற்று. எண்ணெய்க் குப்பியை எடுத்துத் திறந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். பெட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் நான் போய் நின்றேன்.

"எனக்குத் தடவுங்கம்மா" என்றேன். "எனக்குச் செவுளு கெடையாது."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவர்களிடமிருந்து வந்தது. நெற்றியில் தடவினார்கள். தொண்டைக் குழியில் தடவினார்கள். அப்புறம் கை தன் பழக்கத்துக்கு நெஞ்சுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. எடுக்கவே இல்லை. அந்தக் கைக்கு அடியில் என் நெஞ்சு, கொஞ்சம்கூட வெட்கமே இல்லாமல், தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.