கீழப்பாவூர்ப் புஞ்சையில் இறங்கிய விமானம்

மேலகரம்,
19-7-1943

அன்புள்ள அத்தானுக்கு,

உங்க மேல ஒரு கீறல்கூட இல்லைன்னு கேட்டு, ஐந்தருவியில முழுகிக் கும்பிட்டாச்சு. இனி சண்டைக்கு வாரேன்.

உங்க பயிற்சி விமானம் கீழப்பாவூர்ல இறங்கினது ஊருக்கே தெரியும். பெண்டாட்டிக்குத் தயிர்க்காரி மாடத்தி வந்துதான் சொல்லுதா. அதுவும் யார் புஞ்சையில? எனக்கு முந்தி உங்களுக்குப் பேசி வச்சிருந்தாங்களே கல்யாணசுந்தரி, அவ வீட்டுப் புஞ்சையில! அவ கையால மோர் வேற. நல்லாயிருக்கு அத்தான்! அங்கன வந்தவருக்கு இங்கன வர வழி தெரியலையாக்கும்?

சண்முகசுந்தரி

பயிற்சி முகாம்,
25-7-1943

பிரியமுள்ள சுந்தரி,

என்ஜின் ரெண்டு தடவை இருமிட்டு நின்னு போச்சு. முன்னால விசிறி விறகுக்கட்டை மாதிரி நிக்குது. அப்போ யார் புஞ்சைன்னு விசாரிச்சா இறங்க முடியும்? மேலகரத்தைச் சுத்தி நடவு வயல். சக்கரம் சேத்துல புதைஞ்சா குப்புறக் கவிழ்ந்திருப்பேன்.

வாத்தியார் பறக்கும்போதே என்ஜினை அடக்கிட்டு, "எங்கே இறங்குவே?"ன்னு கேட்பார். அதுக்கப்புறம் தேடினா திட்டுதான். எந்நேரமும் ஒரு இடம் பார்த்து வச்சிருக்கணும்.

விமானத்தை விட்டு நகரக் கூடாதுன்னு சட்டம். மெக்கானிக் வரும்வரை இறக்கையடியில கிடந்தேன். மோர் யார் கொடுத்தான்னு நிமிர்ந்து பார்க்கலை.

ஆவுடைநாயகம்

மேலகரம்,
30-7-1943

அத்தான்,

எந்நேரமும் இடம் பார்த்து வச்சிருக்கணும்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்போ என்ஜின் நிக்கும் முன்னாலயே அவ புஞ்சையைப் பார்த்து வச்சிருந்தீங்க! வயிறு எரியுது எனக்கு.

கீழப்பாவூர்ல உங்களுக்கு என்ன ஜோலின்னு கேட்டு, உங்க அதிகாரிக்கே அப்பாவை எழுத வச்சிட்டேன். நீங்க மறைச்சாலும் அவர் சொல்லுவார்.

சண்முகசுந்தரி

பயிற்சி முகாம்,
9-8-1943

சுந்தரி,

மாமா கடிதத்தை அதிகாரி என்னை நிக்க வச்சுப் படிச்சார். எனக்குப் பறக்கக் கொடுத்த வழி கோவில்பட்டியோட சரி, தென்காசிப் பக்கமே வரக் கூடாது. மேகத்துல வழி தப்பிட்டேன்னு சொல்லியிருந்தேன், நம்பியிருந்தாங்க. என் மாமனார் வீடு மேலகரம்னு இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

மாடியில துணி காயப்போடுத உன்னை ஒரு தடவை மேல இருந்து பார்க்கத்தான் வந்தேன். வந்த இடத்துல என்ஜின் நின்னா இறங்குறதுக்குக் காய்ஞ்ச இடம் ஒண்ணு வேணுமே, அதுக்குத்தான் அந்தப் புஞ்சையைப் பார்த்து வச்சது. இங்க கடிதமெல்லாம் பிரிச்சுப் படிச்சுத்தான் அனுப்புவாங்க. அதான் உனக்கு எழுதலை. இனி மறைக்க ஒண்ணுமில்லை. நான் பறக்க வேண்டாம்னு உத்தரவு ஆயிருச்சு.

வெள்ளிக்கிழமை ரயில்ல தென்காசி வாரேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். மாடத்தியை அனுப்பு. இறங்கி எந்தப் பக்கம் நடக்கேன்னு அவளே பார்த்து வந்து சொல்லட்டும்.

ஆவுடைநாயகம்